யாரும் இல்லாத தேர்வு அறை

மாலைக் கல்லூரியில் கைபேசி வழியே விடை அனுப்பும் தேர்வு; அறையில் மற்றவர்கள் முடித்துப் போய்விட்டிருந்தார்கள். நிறைமதி மட்டும் கடைசிக் கேள்விக்கு விடை யோசித்துக்கொண்டிருந்தாள். எதையும் முதலில் தாளில் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகே கைபேசியில் தட்டுவது அவள் வழக்கம். எல்லா விடைகளையும் தட்டி முடித்து மொத்தமாக அனுப்பியபோது எதுவும் போகவில்லை. சுவரில் இருந்த வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அவள் தேர்வுக்கே வரவில்லை என்று பதிவானது. "கரண்டை மிச்சம் பண்ண அப்படி வெச்சிருக்கோம்மா. யாரும் இல்லன்னா தானா தூங்கிடும்," என்றார் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராஜ்.

"யாரும் இல்லையா? நான் இருந்தேனே, அண்ணே!"

"நீங்க எதுவும் அனுப்பலையே."

"யோசிச்சிட்டிருந்தேன்."

"அது அதுக்கு எப்படிம்மா தெரியும்? போன்ல பக்கத்தைச் சும்மா இழுத்து இழுத்து விட்டுட்டே இருங்க, முழிச்சிருக்கும்."

தான்தான் ரொம்ப மெதுவோ என்று வீடு போகும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தேகம். மறுதேர்வில், அவர் சொன்னபடியே, இடது கட்டைவிரலால் பக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். விளக்கு எரிந்தது. யோசனை ஓடவில்லை; தாள் வெறுமையாகவே கிடந்தது. ஒரு பெட்டியிடம் போய், நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்ததும் காது சுட்டது. இதிலும் தவறினால் ஒரு வருடம் வீண். ஆனாலும் விரலை எடுத்துவிட்டாள்.

"அம்மா, தூங்கிடும்!" கதவருகில் இருந்து ஜெபராஜ் பதறினார்.

"தூங்கட்டும் அண்ணே. நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

பேனாவைத் திறந்து, எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கை முறைத்தபடி யோசிக்கத் தொடங்கினாள்.