மாடசாமி கல்

ராகலை ஸ்டூடியோக்காரர் லாபிர், தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வீரம்மாவின் பின்னால் கேமராவோடு குந்தியிருந்ததை அவள் புருஷன் சோலைமலை பார்த்துவிட்டான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே ஸ்டூடியோவில் போய் நின்றான்.

"என் சம்சாரத்தப் படம் புடிச்சீங்களா?"

"எதுலயும் மொகமே இல்லங்க. நீங்களே பாருங்க."

எல்லாம் கறுப்பு வெள்ளை. மரப்பட்டை, பாசி, காய்ந்த சேறு. கடைசியாக, பாளம் பாளமாக வெடித்த ஒரு பாறை. சோலைமலை கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"நம்ம மாடசாமி கல்லு."

சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டு, அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிவந்தான். லயத்து வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, விபூதி பூசி, சூடம் காட்டினான்.

கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த வீரம்மா பதறிப்போனாள்.

"என் குதிகாலுக்கு எதுக்குங்க சூடம் காட்டுறீங்க?"