இருபதாம் நம்பர்

திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பாலனுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றான்.

பெங்களூரிலிருந்து வந்த வினய் சாயமில்லின் யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குப் புது வெர்ஷன் ஏற்றி, அணைத்துத் திரும்பப் போட்டிருந்தான். சுழல்நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பின்னால் மேனேஜர் நாராயணஸ்வாமி, கையைக் கட்டிக்கொண்டு.

சாயமில்லின் பாய்லரில் பிரஷர் எல்லை மீறினால் சைரன் அடிக்க வேண்டும். அதைச் செய்கிற புரோகிராம் வேறொரு கம்பெனி விற்றது. கரெண்ட் போய் வந்தால் அது தானாக எழாது. பாலன்தான் கமாண்ட் தட்டி எழுப்புவான். ஹனூர் குவாரியில் கல் உடைத்தவன் மகனான அவனுக்கு ஃபேன் காற்றில் உட்கார்ந்து சோறு தின்ன வாய்த்தது அந்த ஒரு வேலையால்தான்.

வரிகளின் நடுவே அந்த வரி வந்தது. சைரன் புரோகிராம் ஓடுகிறது என்றது திரை.

“தானே வந்துடுத்து பாரு! மூணு வருஷமா எங்களை என்னமா ஆட்டி வெச்சே. நாளைலேந்து நீ வர வேண்டாம்” என்றார் நாராயணஸ்வாமி.

பாலன் திரைக்கு அருகே குனிந்தான்.

பழைய வெர்ஷனில் எல்லாம் ஒரே ஃபைல். மேலிருந்து கீழே ஓடும். சைரன் புரோகிராம் கடைசி வரி. புதியதில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல், தனி நம்பர், நம்பர் வரிசையில்தான் எழும். பாய்லரிலிருந்து பிரஷர் அளவு வரும் லைனைத் திறக்கிற ஃபைலுக்கு எண்பது. சைரனுக்கு வினய் போட்டது இருபது.

லைன் திறக்குமுன்பே சைரன் புரோகிராம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. இனி அதன் காதில் ஒன்றும் விழாது. ஒன்றும் விழாதவரை எல்லாம் சரி என்றே அது இருக்கும்.

“சார், ஓடுதுன்னு காட்டுமுங்க, ஆனா அடிக்காதுங்க. அந்த நம்பர மாத்தச் சொல்லுங்க.”

“ஏன் குருவே, வேலை போச்சுன்னதும் புதுசா ஒரு கதையா?” என்றான் வினய்.

மேனேஜர் கதவைத் திறந்து பிடித்தார்.

பாலன் நேராக பாய்லர் ரூமுக்கு ஓடினான். மல்லப்பன் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். பிரஷர் முள்ளின் கண்ணாடி கரி பிடித்துக் கிடந்தது. சைரன் வந்ததிலிருந்து அதை யாரும் துடைத்ததில்லை.

“அண்ணா, சைரன் தானா எந்திரிச்சிருச்சு, ஆனா அடிக்காது. அத நம்பாதீங்க. முள்ளப் பாத்துக்கிட்டே இருங்க.”

மல்லப்பன் திரும்பக்கூட இல்லை. “மூணு வருசமா நீயும் இதத்தானப்பா சொல்ற. நாந்தான் சைரன எழுப்போணும், நாந்தான் எழுப்போணும்னு. இப்ப உன்னிய விட்டுட்டு எந்திரிச்சிருச்சுன்னு வயித்தெரிச்சலா? போ, போ.”

பாலன் வாசல்வரை வந்து நின்றான்.

பழைய வெர்ஷனிலும் முதலில் சைரன் புரோகிராம் தானாக எழுந்துகொண்டுதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்தக் கடைசி வரியின் முன்னால் ஒரு குறியைப் போட்டு, மிஷின் அதைப் படிக்காமல் தாண்டிப் போகச் செய்தவன் அவன்தான்.

அதைச் சொன்னால் ஒருவேளை இதை நம்புவார்கள்.

உள்ளே விறகு விழுகிற சத்தம் கேட்டது. பாலன் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.