நித்தீஷுக்குப் போட்ட தையல்

“அக்கா, மறுபடியும் சுருக்குன்னு இழுத்துச்சுங்க.”

போனில் தையல் மெஷின்களின் இரைச்சல். அதற்கு மேல், பனியன் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ரோஸ்மேரியின் குரல். “ஏட்டி, சூப்பர்வைசர் இங்கனயே பாக்கான். அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுதேன்.”

ஜுவைரியா இடது பக்கமாகப் படுத்துக் காத்திருந்தாள். போன தடவை ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போய்விட்டது. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கம்பெனிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா கிடப்பவளுக்கு வேறென்ன வேலை? ஒவ்வொரு சுருக்காக எண்ணிப் பயப்படுவதுதான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவோ கூச்சம். இதெல்லாம் ஒரு வலியா என்று சிரிப்பார்களாம்.

சொன்னபடி ரோஸ்மேரி கூப்பிட்டாள்.

“ரத்தம் படுதா? தண்ணி கசியுதா? விட்டு விட்டு வலிக்கா? காய்ச்சல்?”

“எதுவும் இல்லீங்க்கா.”

“பிள்ள வளருதுல்லா, அதான் இழுக்கு. நித்தீஷ் வயித்துல இருக்கையில எனக்கும் தையல் போட்டாவ. இதே இருபத்திநாலாவது வாரம், இதே இழுப்பு. நான் கேட்டதுல ஒண்ணு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். ஓடிராத, ஆட்டோ புடி.”

“தையல் பிரிஞ்சிருக்குமோன்னு...”

“நீ தச்ச பனியன்னு நெனச்சியா, மூணாம் துவையல்ல பிரிய?”

ஜுவைரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இழுத்தது. அதற்கும் ஒரு போன் போட்டாள். தும்மினால் ஒன்று, புரண்டு படுத்தால் ஒன்று. எதைக் கேட்டாலும் ஐந்து நிமிடம் கழித்து ரோஸ்மேரியிடம் பதில் இருந்தது. நித்தீஷை நாங்குநேரியில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பிழைக்க வந்ததாகச் சொல்லியிருந்தாள்.

முப்பத்தேழாவது வாரம் தையல் பிரிக்கும் நாளில், ரோஸ்மேரியும் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நர்ஸ் கீதாஞ்சலி ஃபைலைப் பார்த்தாள். ஜுவைரியாவைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“நீங்கதானுங்களா அந்த ஜுவைரியா? தும்முனாக்கூடப் போன் பண்ணி என் உசுர வாங்குனது?”

“நானுங்களா? நான் ஒருக்காகூடப் பண்ணலீங்களே.”

“ஆமா, இந்தக் குரல் இல்லீங்க. அது ‘இழுக்குல்லா, சுருக்குங்குல்லா’ன்னு தெக்கத்திப் பேச்சு. பின்னாடி ஒரே மெஷின் சத்தம்.”

ஜுவைரியா மெல்லத் திரும்பினாள். ரோஸ்மேரி சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நித்தீஷுக்குப் போட்ட தையலுங்க்கா?”

“அவன் எங்க அக்கா மவன்ட்டி,” என்றாள் ரோஸ்மேரி, அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் இன்னும் பிள்ளையே பெக்கல.”