கனிவுக்கு இரண்டு நட்சத்திரம்

இதய அறுவை சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியில் செய்துகொள்வது என்று கணவர் முடிவு சொல்ல அன்றுதான் கடைசி நாள். மனைவி அரசாங்க இணையதளத்தைத் திறந்து, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"நல்லா பாருங்க. ஆபரேஷன்ல ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் அஞ்சு நட்சத்திரம். நர்ஸுங்க கனிவா நடந்துக்கறதுல ஆத்தோர ஆஸ்பத்திரிக்கு அஞ்சு, கடைத்தெரு ஆஸ்பத்திரிக்கு ரெண்டே ரெண்டு."

"அப்ப கடைத்தெருதான்."

"புத்தி கெட்டுப் போச்சா? நோயாளிங்க எழுதியிருக்கறதைக் கேளுங்க. 'இதய வார்டு தலைமை நர்ஸ் சிரிக்கவே மாட்டார். மாத்திரையை விழுங்கும்வரை கட்டிலை விட்டு நகர மாட்டார். தையல் வலிக்கிறது என்றாலும் எழுந்து நடக்கச் சொல்லி விரட்டுவார்.'"

"எல்லாரும் உயிரோட வீட்டுக்குப் போய்தானே எழுதியிருக்காங்க?"

மடிக்கணினியை மூடினாள், அந்தத் தலைமை நர்ஸான மனைவி.

"மத்தவங்கன்னா விரட்டிடுவேங்க. உங்க நெஞ்சுல தையலைப் பார்த்துட்டு, எந்திரிச்சு நடங்கன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா தினமும் காலையில அதைத்தானே சொல்றே! வார்டுல மட்டும் புதுசா என்ன கூச்சம்?"