முக்குக் கட்டடத்தின் மூணு படி

"நிறுத்துய்யா! அந்தச் சம்மட்டியைக் கீழ போடு!"

தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார் கிளிஃபர்ட் ஆம்ப்ளர். கில்டர்ஷா ஊரின் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

அதற்குள் முதல் படி இரண்டாகப் பிளந்துவிட்டது.

சந்தைத் தெருவும் மில் தெருவும் சேரும் முக்கில், விக்டோரியா மகாராணி காலத்தில் எழும்பிய கட்டடம். உச்சியில் கூம்புக் கோபுரம். ஜன்னலுக்கு ஜன்னல் கல்லில் செதுக்கிய முகங்கள். முக்கைச் சாய்வாக வெட்டி வைத்த வாசல், இரு பக்கமும் சிவப்புக் கல் தூண்கள், ஏறிப்போக மூன்று படி. ஊரின் தபால் அட்டையில் அச்சாகியிருப்பதும் அந்த வாசல்தான்.

கீழே ஜவுளிக்கடை. கடைக்காரி எனிட் சோவர்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மிஸ் சோவர்பி, உங்களுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"என் கடை. என் படி."

"உங்க படியா? நூறு வருஷமா இந்த ஊரே மிதிச்சுத் தேய்ச்ச படிங்க அது!"

"அதான் தேய்ஞ்சுபோச்சே. ஸ்டான், நீங்க அடிங்க."

கொத்தனார் ஸ்டான் பிக்கிள்ஸ் அடித்தார்.

கிளிஃபர்டுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கல்லையும் வரைந்து பழகியவர் அவர். ஆனால் அது அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. சட்டத்தைக் காட்டி மிரட்ட வழியில்லை.

"எதுக்காக இடிக்கறீங்கன்னாவது சொல்லுங்க!"

"சொல்ல முடியாது."

அவ்வளவுதான். ஊரே எனிட்டுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

'ஊரின் முகத்தில் ஓங்கி ஒரு குத்து' என்று உள்ளூர்ப் பத்திரிகை தலைப்புப் போட்டது. வாசலைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததால், பின்படி ஏறிக் கடைக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். தினமும் டீ கொண்டுவந்து தரும் ரொட்டிக்கடை ஜாய்ஸ்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒருநாள் காலையில் பார்த்தால், கண்ணாடி ஜன்னல் முழுக்கக் கொட்டை எழுத்தில் 'காட்டுமிராண்டி'.

"துடைச்சிரட்டுமா?" என்று கேட்டார் ஸ்டான்.

"எதுக்கு? எழுத்து நல்லாத்தானே இருக்கு. கிடக்கட்டும்."

அந்த எழுத்துக்குப் பின்னால் நின்றே துணி கிழித்துக் கொடுத்தாள் எனிட்.

"ஊர்க்காரங்ககிட்ட விஷயத்தைச் சொல்லித் தொலையுங்களேன்" என்று அலுத்துக்கொண்டார் ஸ்டான். "பப்புல குடிக்கப் போனா என்னையே ஒரு பய பக்கத்துல சேர்க்க மாட்டேங்கிறான்."

"இதைச் செய்யச் சொல்லிக் கேட்டவங்க, வெளியில சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வேலை முடியறதுக்குள்ள தெரிஞ்சா தடுத்துருவாங்களாம்."

"யாரு தடுப்பா?"

"உங்களுக்குக் கை வலிக்குதா, வாய் வலிக்குதா? வேலையைப் பாருங்க."

வேலை முடிந்தது. சனிக்கிழமை, சந்தை நாள். வாசலை மூடியிருந்த தார்ப்பாயை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளிஃபர்ட் ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் அட்டைகள். 'இந்தக் கடைக்குள் போகாதீர்!'

எனிட் கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பு.

தூண்கள் அப்படியே இருந்தன. செதுக்கிய முகங்களில் ஒரு கீறல் இல்லை. படிகள் இருந்த இடத்தில் வாசல் தெருமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அங்கிருந்து கடைக்குள் மெல்ல ஏறியது ஒரு கல் சரிவு. அதற்கே கடையில் கால்வாசி இடம் போயிருந்தது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஜாய்ஸ் கையிலிருந்த அட்டை கீழே இறங்கியது.

கிளிஃபர்ட் விடவில்லை.

"சரிவா? இதுக்காகவா அந்தப் படியை உடைச்சீங்க? படி வேணாம்னு இந்த ஊர்ல யார் அழுதாங்க? ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து கேட்டாங்களா?"

எனிட் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க! யார் கேட்டா?"

"நான்தான் கேட்டேன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. கூட்டம் விலகியது. ஒரு சக்கர நாற்காலி, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு பெண்மணி. மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. தொப்பி மட்டும் கோணாமல் இருந்தது.

கிளிஃபர்டின் மனைவி ஐவி.

"ஐவி! நீ... தனியாவா வந்த?"

"வீட்டுலருந்து இங்க வர்ற வழி இறக்கம்தானே. வந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். படி ஏற முடியலைன்னு சொன்னேன். அந்தப் படியோட அழகைப் பத்தி மத்தியானம் பூரா நீ பேசின."

கிளிஃபர்ட் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ இந்தக் கடைக்கு என்னத்துக்கு வரணும்? வேணுங்கிறதையெல்லாம் நான்தான் வாங்கிட்டு வந்து தர்றேனே, ஐவி?"

ஐவி குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமா. கால் விழுந்ததுலருந்து என் உள்ளாடையைக்கூட நீதான் எடுத்துட்டு வர்ற. ஒண்ணாவது எனக்கு அளவு சரியா இருந்திருக்கா? வழிவிடு கிளிஃபர்ட், நானே பார்த்து எடுத்துக்கறேன்!"