தெளிவா இருக்கா?

"எதிர்வீட்டு பால்கனியில என்ன காயுது, சொல்லு."

கணவர் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு போன் கம்பெனியில் வேலை. இன்னும் கடைக்கு வராத மாடல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, மங்கின வெளிச்சத்தில் கேமரா எப்படிப் படம் பிடிக்கிறது என்று பார்த்து ஆபீஸுக்கு ரிப்போர்ட் அனுப்புவார். வருஷக்கணக்காக அதைத் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தார். கொஞ்ச நாளாகத்தான், சாயங்காலம் ஆனால் போதும், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, போட்டோவில் கதவு நம்பர் தெரிகிறதா, வீடியோவில் நாய் வால் ஆட்டுகிறதா என்று குடைய ஆரம்பித்திருந்தார்.

கேமராவையா சோதிக்கிறார்? அவள் கண்ணை அல்லவா சோதிக்கிறார் மனுஷன்!

கண் மங்கத் தொடங்கியதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. துணி ஃபேக்டரியில் தையல் பிசகைக் கண்டுபிடிக்கிற செக்கிங் வேலை அவளுக்கு. "கண்ணு சரியில்லைன்னா மரியாதையா வேலையை விட்டுடணும்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது இவரே யாரைப் பற்றியோ சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. வேலையை விடச் சொல்லி வீட்டோடு உட்கார வைத்தால் அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

முதலில் குத்துமதிப்பாகச் சமாளித்தாள். பால்கனியில் நீலச் சட்டை காய்கிறது என்று ஒரு நாள் அடித்துவிட்டாள். மறுநாள் காலை அந்த வீட்டு கேட்டருகே நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால், சட்டையாவது ஒன்றாவது, கொடியில் தொங்கியது கால் மிதியடி. அவள் சொன்னபோது அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையே! "அப்ப நல்லாத்தான் எடுத்திருக்கு" என்று தலையை ஆட்டிக்கொண்டு லேப்டாப்பில் ஏதோ தட்டினார். எல்லாம் தெரிந்துகொண்டே கல்லுளிமங்கன் மாதிரி இருக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு உஷாரானாள். வேலை முடிந்து வரும்போதே எதிர்வீட்டு வாசலில் நின்று, கொடியில் என்ன துணி, கேட்டுக்கு உள்ளே என்ன வண்டி என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் தன் வீட்டுப் படி ஏறுவாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகூட அவளிடம் தோற்றுப்போகும்.

இன்றைக்கு ஓவர்டைம். ஓட்டமும் நடையுமாக வந்ததில் எதிர்வீட்டைப் பார்க்க மறந்து தொலைத்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. நாளைக்கு முடிவு பண்ணியாகணும்" என்றார் அவர். குரலில் ஒரு பதற்றம்.

முடிவா? அவள் வேலையைப் பற்றியா? போனில் வெளுப்பாக ஏதோ கிடந்தது. துண்டா, தலையணை உறையா, பூனையா, ஒரு இழவும் புரியவில்லை. போனைக் கிட்டே கொண்டுபோனாள், எட்டப் பிடித்தாள், கடைசியில் மடியில் போட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியலைங்க. இது மட்டும் இல்ல, எதுவுமே தெரியல. மாசக்கணக்காச்சு. வர்ற வழியில அந்த வீட்டைப் பாத்து வச்சுக்கிட்டு வந்து ஒப்பிச்சேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் எதுக்குத் தினமும் என்னைப் பிடிச்சு வதைக்கிறீங்க?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு அவர் முகம் வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலைன்னுதானேடி உன்னைக் கேட்டு எழுதி அனுப்பினேன்?"