பெயர் வெட்டிய பாத்திரங்கள்

டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் பெயரைப் பார்த்தான்.

சு. ஆவுடைத்தாய்.

விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து.

மடியிலிருந்த விண்ணப்பத்தில் வேறு பெயர். கனியம்மாள். கணவர் மத்திய சிறையில். ஏழு ஆண்டுத் தண்டனையில் ஒன்றரை முடிந்திருக்கிறது. லோடு ஆட்டோ ஓட்டியவர். பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள்.

சம்பாதித்தவர் சிறைக்குப் போய் நொடித்துப்போன வீடுகளுக்கு மாதாமாதம் அரசு உதவி உண்டு. வீட்டை நேரில் பார்த்து, தரலாமா கூடாதா என்று எழுதுவது அவன் வேலை.

இந்த வீட்டில் எல்லாம் இருந்தது.

முறுக்குத் தட்டை நகர்த்தினான். அந்தோணி – ஜெயசீலி, 12.5.2004.

சுவரோரம் எவர்சில்வர் குடங்கள், பெரியதிலிருந்து சிறியதுவரை ஏழு. எழுந்து போய்க் குனிந்தான். ஒன்றில் பிச்சம்மாள். ஒன்றில் தாய்மாமன் சீர் என்று மட்டும். மற்றவற்றில் வேறு வேறு பெயர்கள். கனியம்மாள் இல்லை.

மின்விசிறி அவன் நாற்காலியைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் வயர் சன்னல் வழியே வெளியேறி, குறுகிய சந்தைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் போனது.

வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள். சிலர் இடுப்பில் பீடிச் சுளகு. சுற்றிக்கொண்டிருந்ததை அப்படியே எடுத்து வந்திருக்கிறார்கள்.

"ஒரு கொறையும் இல்ல சார். மூணு வேளையும் ஒல வைக்கா."

"காலையில இட்டிலி."

"நேத்து கறிக்கொழம்பு."

"ஏட்டி, நேத்து செவ்வா."

"அப்போ முந்தாநாளு. சாரு என்ன, நாளா கேட்டாக?"

யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவன் உட்கார்ந்தான்.

இதுவரை நாற்பது வீடுகளுக்கு மேல் பார்த்திருக்கிறான். எல்லா வீட்டிலும் ஒளித்துவைப்பார்கள். டிவியின் மேல் போர்வை கிடக்கும். கழுத்துச் சங்கிலி எங்கோ போயிருக்கும். கட்டிலைச் சுவரில் சாய்த்து மேலே பழைய துணியைப் போட்டிருப்பார்கள். அவனுக்கு அது பழகிவிட்டது. எதை ஒளித்திருக்கிறார்கள் என்று தேடக் கற்றிருந்தான்.

ஒரு வீட்டை நிரப்பிவைத்து அவன் பார்த்ததில்லை.

இல்லாதவர்களுக்குத்தான் உதவி என்பது இவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஊரறியாத ஒருவன் வந்து உட்காரும்போது கனியம்மாளின் வெறும் சுவரைக் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை. விடிந்ததும் ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

கனியம்மாள் அடுப்பருகில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவையே பார்த்தாள்.

இரவல் என்று சொன்னால் தெரு தலைகுனியும். சொல்லாவிட்டால் பணம் வராது.

எட்டாவது கேள்வி: வீட்டிலுள்ள பொருட்கள்.

"இந்தப் பாத்திரமெல்லாம் உங்களுதாம்மா?"

வாசலில் ஒருத்தி சுளகை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"எங்க தெருவுது சார்."

அவன் மறுபடி பார்த்தான். குடங்களை, தட்டை, டம்ளரை, கதவோரம் சாய்த்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை. ஒவ்வொரு பெயராகப் படித்தான். கோபுரத்தின் அடியில் நின்று உச்சியைத் தேடும்போது கழுத்து தானாகப் பின்னால் சாயும். அப்படி இருந்தது. ஓட்டுக்கூரை கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

அவன் மனைவி இறந்து ஏழு மாதம். எதிர்வீட்டுக்காரர் பெயர் இன்னும் தெரியாது.

எழுதத் தொடங்கினான். விண்ணப்பதாரருக்குச் சொந்தமானவை: அடுப்பு ஒன்று. பாய் இரண்டு. பிள்ளைகளின் துணிகள்.

ஒன்பதாவது கேள்வி: இக்குடும்பத்தை ஆதரிப்போர் எவரேனும் உளரா?

உண்டு என்று எழுதினால் விண்ணப்பம் அத்துடன் நின்றுவிடும்.

இத்தனை நாளில் இந்தக் கேள்விக்கு அவன் பேனா தயங்கியதில்லை. உறவினர் கைவிட்டிருப்பார்கள். ஊர் ஒதுங்கியிருக்கும். எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவான்.

இன்று பதில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. எண்ணினான். பதின்மூன்று பேர்.

அவர்கள் மெல்ல உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் வளையல் சத்தம். புகையிலை மணம்.

"சாரு என்னத்த எழுதுதாக?"

"ஒனக்குத்தான் எழுத்துத் தெரியுமே. எட்டிப் பாரேன்."

பின்கழுத்தில் ஒரு மூச்சு பட்டது.

அவன் தேர்வறையில் எழுதும் மாணவனைப் போல இடக்கையை வளைத்து, தாளை மறைத்தான்.

பிறகு எழுதினான்: எவரும் இலர்.